சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் மாரத்தான்: பாதையும் பருவமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலையில் அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் நோக்கிச் சேர்ந்து ஓடும்போது, முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர்களும் நேரத்தைக் குறைக்க முயல்கிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓடிக்கொண்டே சொன்ன விடைகள் அரைகுறையாகவே அமைந்தன என்பதால், இப்போது கணக்குகளைச் சரிபார்த்து விரிவாக எழுதுகிறேன்.

எந்த ஊரில் ஓடினாலும் மாரத்தான் 42.195 கி.மீ. தானே? ஓர் ஊரில் ஓடிய நேரத்தை மற்றோர் ஊரின் நேரத்தோடு ஏன் ஒப்பிடக் கூடாது என்கிறீர்கள்?

தூரம் மட்டுமே ஒன்று. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அந்தத் தூரம் 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. ஆனால் ஏற்றம், இறக்கம், காற்று, வெயில், ஈரப்பதம் ஆகியவை ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே ஊரில் ஆண்டுக்கு ஆண்டும் மாறுகின்றன. இந்தக் காரணத்தால் சாலை ஓட்டங்களுக்கு ‘உலகச் சாதனை’ என்ற பெயரையே உலகத் தடகள அமைப்பு 2004-ஆம் ஆண்டில்தான் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் ‘உலகின் சிறந்த நேரம்’ என்றே குறித்து வந்தார்கள்.

பாஸ்டன் மாரத்தான் இதற்கு நல்ல சான்று. 2011-இல் முதுகுப் பக்கம் காற்று வீசிய நாளில் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் அங்கே வென்றார். அதே பாதையில், 2018-இல் குளிரும் மழையும் எதிர்க்காற்றும் சேர்ந்து தாக்கிய நாளில் வென்ற ஜப்பானியர் யூகி கவாவுச்சி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. ஓடியவர்கள் வேறு என்பது உண்மைதான் என்றாலும், உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள் போட்டியிட்ட ஒரே பாதையில் ஏறத்தாழ 13 நிமிட வேறுபாடு ஏற்பட்டதற்கு வானிலையே பெருங்காரணம். முட்டாயின் நேரம் அந்நாளில் உலகிலேயே மிக விரைவானது. ஆயினும் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. தொடக்க இடத்துக்கும் முடிவிடத்துக்கும் உள்ள நேர்க்கோட்டுத் தொலைவு ஓட்டத் தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நிகர இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பவை விதிகள். பாஸ்டன் பாதை ஒரே திசையில் நீண்டு செல்வதோடு, தொடக்கத்தைவிட முடிவிடம் 130 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி ஓடும் நேரத்தை ஏன் தனியாக எழுதி வைக்கச் சொல்கிறேன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓடி ஏறுவது, அதே தூரத்தைச் சமதரையில் ஓடுவதைவிட எவ்வளவு கடினம்?

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடையிலுள்ள 30 கி.மீ. சாலையில், உண்மையான மலைப்பாதை அடிவாரத்துக்கு மேலே 20 கி.மீ. அளவுக்கு நீள்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் அதில்தான் உள்ளன. ஆகவே அந்தப் பகுதியின் சராசரிச் சாய்வு, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 5 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது.

5 விழுக்காட்டு ஏற்றத்தில் ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமதரையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. 10 விழுக்காட்டில் அது மூன்றில் இரு பங்கு கூடுகிறது. எனவே சமதரையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகத்தில் ஓடுகிறவர், அதே உழைப்போடு மலைப்பாதையில் ஏறினால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 50 விநாடி அளவுக்கு எடுத்துக்கொள்வது முறையானது. அவர் 6 நிமிட வேகத்தையே பிடித்துக்கொண்டு ஏறினால், 10 கி.மீ. ஓட்டப் பந்தயத்துக்குரிய உழைப்பை மாரத்தானின் நடுவில் செலவிடுகிறார் என்று பொருள். உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து வேகமாகக் கரையும். பிறகு எவ்வளவு நல்ல சாலை வந்தாலும் அதைப் பயன்படுத்தக் காலில் வலு இராது.

ஏற்றத்தில் கைக்கடிகாரத்தின் வேகத்தைப் பார்க்காதீர்கள். மூச்சைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற மூச்சுதான் மாரத்தானுக்கு உரியது. செங்குத்தான வளைவுகளில் விரைந்து நடப்பதும் தவறன்று; சாய்வு 10 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் ஓட்டத்துக்கும் விரைநடைக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இராது, உழைப்பில்தான் வேறுபாடு இருக்கும்.

ஏறும்போது இழந்த நேரத்தை இறங்கும்போது திரும்பப் பெற்றுவிடலாம் அல்லவா?

இதுவே என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி; மிக அதிகமானோர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதையே.

ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 5 விழுக்காட்டு இறக்கத்தில் ஓட, சமதரைக்குத் தேவையானதில் முக்கால் பங்கு ஆற்றலே போதும். 20 கி.மீ. ஏறுவது 26 கி.மீ. சமதரைக்கும், 20 கி.மீ. இறங்குவது 15 கி.மீ. சமதரைக்கும் ஈடு என்று கொண்டால், மொத்தம் 41 கி.மீ. தான் வருகிறது. ஆனால் தாளில் கிடைக்கும் இந்த லாபம் காலுக்குக் கிடைப்பதில்லை. 6 நிமிட ஓட்டக்காரர் அந்த லாபத்தை முழுமையாகப் பெற வேண்டுமானால் இறக்கத்தில் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 35 விநாடி வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்துக்கு அவருடைய கால்கள் பழகியிருக்கமாட்டா. வளைவுகளில் வேகத்தைத் தடுத்துத் தடுத்து ஓடவும் வேண்டியிருக்கும். நடைமுறையில் அவர் 5 நிமிடம் 25 விநாடி வேகத்தில் இறங்கினாலே நன்று. அப்படியானால் ஏற்றத்தில் இழந்தது ஏறத்தாழ 36 நிமிடம், இறக்கத்தில் மீட்டது ஏறத்தாழ 12 நிமிடம்.

இதைவிட முக்கியமானது தசை. சமதரையில் தசைகள் பெரும்பாலும் சுருங்கி வேலை செய்கின்றன. இறக்கத்தில் முன்தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த வகை உழைப்பில் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மூச்சு வாங்காததால் ஓட்டக்காரருக்கு அது அப்போது தெரிவதில்லை. வலி அடுத்த நாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைகிறது. நான் முதன்முறை ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை உற்சாகமாக வேகமெடுத்து இறங்கியபோது, அடிவாரத்தைத் தாண்டிக் கோரிமேடு வரை சமதரையாகத் தோன்றும் சாலையில் கால் தூக்க முடியாமல் நின்றுவிட்டேன். பிறகு மூன்று நாள், வீட்டுப் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். மூச்சும் இதயமும் களைக்கவில்லை. தொடை மட்டுமே தீர்ந்திருந்தது.

நல்ல செய்தியும் உண்டு. இறக்கத்தில் ஒரு முறை ஓடித் தேறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. இந்தக் காப்பு சில வாரங்கள் நீடிக்கிறது. எனவே இறக்கமுள்ள மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் நான்கைந்து முறையாவது, முதலில் 3 கி.மீ., பிறகு 5, பிறகு 8 என்று இறங்கி ஓடிப் பழக வேண்டும். கடைசி இரண்டு வாரங்களில் நீண்ட இறக்கம் வேண்டாம். இறங்கும்போது அடியைச் சுருக்கி, விரைவாக எடுத்து வையுங்கள். குதிகாலை முன்னே நீட்டி ஊன்றினால் ஒவ்வோர் அடியும் முழங்காலுக்கு ஒரு தடையாக மாறும்.

கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கம் ஓடுவதா, வெளிப்பக்கம் ஓடுவதா?

முறையாக அளக்கப்பட்ட பந்தயப் பாதைகளில், அளவு சரிபார்க்கப்பட்ட மிதிவண்டியின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் எண்ணி என்ற சிறு கருவியைப் பொருத்தி, ஓட்டக்காரர் செல்லக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் வழியே அளக்கிறார்கள். வளைவில் சாலை ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி அந்தக் கோடு செல்கிறது. தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆயிரத்துக்கு ஒன்று, அதாவது மாரத்தானில் 42 மீட்டர், சேர்த்தே வைக்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டிலிருந்து 3 மீட்டர் வெளியே தள்ளி ஓர் அரைவட்ட வளைவைச் சுற்றினால், கூடுதலாக ஏறத்தாழ 9.4 மீட்டர் ஓடுகிறீர்கள். இருபது வளைவுகளில் அது 188 மீட்டர். 6 நிமிட வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல்.

ஆயினும் ஏறும்போது எங்கள் மலைப்பாதையில் நான் உள்பக்கக் கோட்டைப் பரிந்துரைப்பதில்லை. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பு மிகச் செங்குத்தானது. சில மீட்டரைச் சேமிக்கப் போய்த் தசைக்குத் திடீர்ச் சுமையை ஏற்றுகிறோம். வளைவின் நடுவே ஒரே சீராகச் செல்வதே நல்லது. இவையெல்லாம் சாலை மூடப்பட்ட பந்தய நாளுக்கு மட்டுமே. பயிற்சி நாளில் பேருந்தும் லாரியும் திரும்பும் இடம் அது. எதிரே வரும் வண்டி உங்களைப் பார்க்கக்கூடிய பக்கத்தில் ஓடுங்கள், கோட்டைப் பற்றி நினைக்க வேண்டாம்.

கைக்கடிகாரம் காட்டும் தூரத்தையும் இங்கே நம்பாதீர்கள். மரங்கள் அடர்ந்த, மலைச்சுவர் ஒட்டிய வளைவுகளில் ஜிபிஎஸ் தடம் வளைவை வெட்டிக்கொண்டு செல்வதால் தூரம் தவறிப்போகிறது.

நகருக்குள் ஓடும் பாதை சமதரைதானே? அதில் கவனிக்க என்ன இருக்கிறது?

சேலத்தைச் சமதரை என்று சொல்வது, வண்டியில் போகிறவர்களின் கருத்து. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் சூழ்ந்த கிண்ணத்துக்குள் அமைந்த ஊர் இது. மலையை நோக்கிச் செல்லும் எந்தச் சாலையும் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். அஸ்தம்பட்டியிலிருந்து அடிவாரம் வரை கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றம் போகும்போது சில விநாடிகளை எடுத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுக்கிறது. போகும்போது வேகம் குறைவதைக் களைப்பு என்று தவறாக எண்ணி, வலிந்து ஓடுகிறவர்கள் பலர். ஐந்து ரோடு போன்ற இடங்களில் பாதை மேம்பாலம் ஏறினால், அந்தச் சிறு ஏற்றத்தைக் கடைசி பத்து கிலோமீட்டரில் இரண்டு முறை சந்திக்கிறோமா என்று வரைபடத்தில் பாருங்கள். ஒரே ஏற்றம் 5-ஆவது கிலோமீட்டரில் ஒன்றுமில்லை. 37-ஆவது கிலோமீட்டரில் அதுவே மலை.

தார்ச் சாலையைவிடச் சிமென்ட் சாலை கடினமானது. சாலையின் இரு ஓரங்களும் மழைநீர் வடிவதற்காகச் சரிந்திருப்பதால், ஒரே ஓரமாக நெடுந்தூரம் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடி இடுப்பின் பக்கவாட்டிலும் முழங்காலின் வெளிப்புறத்திலும் வலி வருகிறது. வேகத்தடைகளை இருட்டில் கவனியுங்கள்.

மாரத்தானுக்கு மிக ஏற்ற வெப்பநிலை எது? சேலத்தில் அது கிடைக்குமா?

பெரிய மாரத்தான்களில் பெரும்பாலானோரின் சிறந்த நேரங்கள் 5 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் ஓடப்பட்டவை. சேலத்தில் அது ஒருபோதும் கிடைக்காது. மார்கழி, தை விடியலில் 19, 20 டிகிரி கிடைத்தால் அதுவே நமக்கு நற்பேறு.

குளிர் ஏன் உதவுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் 600 கிலோகலோரி. அதில் முக்கால் பங்குக்கு மேல், ஏறத்தாழ 460 கிலோகலோரி, வெறும் வெப்பமாகவே உடலுக்குள் உண்டாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். குளிர்ந்த காற்றில் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி தோலிலிருந்து நேரே காற்றுக்குப் போய்விடுகிறது. 30 டிகிரிக்கு மேல் காற்றுக்கும் தோலுக்கும் வேறுபாடே சிறிதாகிவிடுவதால், எல்லாப் பொறுப்பும் வியர்வையின் மேல் விழுகிறது. அப்போது குருதியோட்டத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பப்படுகிறது. தசைக்குக் கிடைப்பது குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது.

நான்கு மணி நேர ஓட்டக்காரர் ஒருவர் 10 டிகிரியில் ஓடியதை 25 டிகிரி ஈரக்காற்றில் ஓடினால், பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 நிமிடத்துக்கு மேல், கூடுவது இயல்பே. மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இழப்பு விகிதம் இன்னும் அதிகம். அவர்கள் வெயிலில் நிற்கும் நேரமே அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். காலை 5 மணிக்குத் தொடங்கும் பந்தயத்தை மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் 8 மணிக்கு நிழலில் உட்கார்ந்துவிடுகிறார். ஐந்தரை மணி நேரத்தில் முடிப்பவர் பத்தரை மணி வெயிலில் கடைசி கிலோமீட்டரை ஓடுகிறார். தொடக்கக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இருவருக்கும் அன்று வானிலை ஒன்றல்ல. பந்தயம் நடத்துகிறவர்கள் தொடக்க நேரத்தைத் தீர்மானிக்கும்போது, கடைசியில் வருகிறவரின் கடைசி மணி நேரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் வற்புறுத்துவது இதனால்தான்.

2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தான் நாளன்று வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டியதால், பலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் நிறுத்தப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தானைக் குளிர்ச்சி கருதிச் சப்போரோ நகருக்கு மாற்றிய பிறகும், 2021-இல் பெண்கள் பந்தயத்தின் தொடக்கத்தை முந்தைய நாள் மாலையில் ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது.

அதிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காடு என்று காட்டுகிறது, காலை 10 மணிக்கு 50 விழுக்காடு. அப்படியானால் பத்து மணி எளிதா?

இல்லை. விழுக்காட்டுக் கணக்கு இங்கே ஏமாற்றுகிறது. காற்றிலுள்ள நீராவியின் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை. காற்று சூடேறும்போது அதன் கொள்ளளவு கூடுவதால் விழுக்காடு குறைந்ததுபோல் தெரிகிறது. ஆகவே பார்க்க வேண்டியது பனிப்புள்ளியை. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி பனியாகப் படியுமோ, அதுவே பனிப்புள்ளி. கைபேசி வானிலைச் செயலிகள் பலவற்றில் இது இருக்கிறது. 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வியர்வை எளிதில் உலரும்; 20 டிகிரியைத் தாண்டினால் வியர்வை சொட்டிக் கீழே விழும், உடலைக் குளிர்விக்காது. ஐப்பசி மழைக்காலச் சேலத்தில் பனிப்புள்ளி 20-ஐத் தாண்டுவது வழக்கமே. வானம் மூடியிருக்கிறது, வெயில் இல்லை என்று நம்பி அந்த நாட்களில் வேகமெடுப்பவர்கள் 30-ஆவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்குகிறார்கள்.

வெயிலே இல்லாமல் ஈரமும் வெப்பமும் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு 2019 தோஹா உலகத் தடகளப் போட்டி சாட்சி. பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் கடும் ஈரப்பதமும் நிலவிய அந்த இரவில், தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தார்கள்.

வெப்பம், ஈரம், வெயில் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் ஓர் அளவும் இருக்கிறது: ஈரத் துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கருங்கோள வெப்பமானியின் அளவில் பத்தில் இரு பங்கு, நிழல் வெப்பநிலையில் பத்தில் ஒரு பங்கு. ஈரத்துக்கு அதில் எவ்வளவு பெரிய பங்கு தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஏற்காட்டில் குளிராக இருப்பதால் அங்கே ஓடுவது எளிது அல்லவா?

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பநிலை குறைவதால், ஏற்காடு சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ந்திருக்கிறது. இது பெரிய உதவி. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. பழகாதவர்களுக்கு வேகம் சில விழுக்காடு குறையும். அத்துடன், ஏரியைச் சுற்றிய சிறு பகுதியை விட்டால் ஏற்காட்டில் சமதரை என்பதே அரிது. காப்பித் தோட்டங்களின் ஊடே மலையைச் சுற்றிவரும் 32 கி.மீ. வளையச் சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே செல்கிறது. சேர்வராயன் கோயில் பக்கம் திரும்பினால் 1,600 மீட்டரையும் தாண்டுகிறது. என் மதிப்பீட்டில், குளிர் கொடுப்பதைப் பாதை எடுத்துக்கொள்கிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் நீண்ட ஓட்டம் ஓட வேண்டியவர்களுக்கு, கத்திரி வெயில் காயும் சேலத்தைவிட ஏற்காடு எவ்வளவோ மேல்.

மூடுபனி நாட்களில் சாலையில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. ஒளி பட்டால் மின்னும் பட்டையுள்ள மேலாடை இல்லாமல் அப்போது ஓடாதீர்கள்.

எதிர்க்காற்றில் இழப்பதைத் திரும்பும்போது முதுகுக்காற்று ஈடுசெய்யுமா?

முழுவதும் ஈடுசெய்யாது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கில் கூடுகிறது. எதிர்க்காற்றில் நம் வேகமும் காற்றின் வேகமும் கூடிவிடுவதால் இழப்பு பெரிது. முதுகுக்காற்றில் கிடைப்பது சிறிது. மேலும், முதுகுக்காற்று நம் வேகத்திலேயே வீசினால் உடலைச் சுற்றி அசைவற்ற காற்று நின்று வியர்வை உலராமல் போகிறது; வெப்ப நாளில் இது ஓர் அபாயம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை, சேலத்தின் திறந்தவெளிச் சாலைகளில் ஓடுபவர்கள் முதல் பாதியை எதிர்க்காற்றிலும் பின்பாதியை முதுகுக்காற்றிலும் அமைத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தின் பின்னே ஒதுங்கி ஓடுவதும் உதவும். 2019-இல் வியன்னாவில் எலியட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தபோது, முறை மாற்றிக்கொண்ட 41 பேர் முன்னும் பின்னும் அணிவகுத்து அவருக்குக் காற்றை மறைத்தார்கள். அந்த ஏற்பாட்டினாலும் அது சாதனைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

மழையில் ஓடலாமா?

சேலத்தில் தூறல் மழை ஓட்டக்காரருக்கு நண்பன். நனைந்த காலுறை உரசிக் கொப்புளம் வரும் என்பதால் பாதத்திலும் தொடையிடுக்கிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். சாலையின் வெள்ளைக் கோடுகளிலும், மலைப்பாதையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளிலும் கால் வழுக்கும்.

மலைப்பாதையில் கனமழை வேறு விஷயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இடி மின்னல் இருந்தாலும், முந்தைய இரவு கனமழை பெய்திருந்தாலும் மலைப் பயிற்சியைத் தள்ளிவைப்பதே முறை.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? வெயில் அதிகமானால் இயன்றவரை குடிக்கலாமா?

கூடாது. தாகம் எடுக்கும் அளவுக்குக் குடியுங்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் குருதிச் சோதனைக்கு உட்பட்ட ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு, குருதியில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களுக்கே அந்த ஆபத்து மிகுதி. பயிற்சி நாளில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. குறைந்த எடையை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் எடை கூடியிருந்தால் அது எச்சரிக்கை. உப்பிட்ட நீர்மோர் ஓட்டம் முடிந்தபின் மிக நல்லது. ஓட்டத்தின் நடுவே பலருக்கு வயிறு ஏற்காது.

வெப்பத்துக்கு உடலைப் பழக்க 10 முதல் 14 நாட்கள் போதும். நாள்தோறும் ஒரு மணி நேரம் மிதமான வெயிலில் மெதுவாக ஓடினால், குருதியின் நீரளவு கூடி, வியர்வை முன்னதாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும். பெங்களூருக் குளிரில் வேலை பார்த்துவிட்டுப் பந்தயத்துக்கு மட்டும் சொந்த ஊருக்கு வரும் தம்பி, தங்கைகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கூட ஓடுகிறவருக்கு வெப்பத் தாக்கு என்பதை எப்படி அறிவது?

வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்கில் உடல் நனைந்தே இருக்கலாம். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், காரணமற்ற கோபம், திசை தெரியாமை ஆகியவையே அடையாளம். உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். உடனே நிழலில் கிடத்தி, கிடைக்கிற தண்ணீரையெல்லாம் உடல் முழுவதும் ஊற்றுங்கள். பெரிய தொட்டியோ அண்டாவோ கிடைத்தால் தலை மட்டும் வெளியே இருக்கக் குளிர்நீரில் அமர்த்துங்கள். 108-ஐ அழையுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. முதல் அரை மணி நேரத்தில் வெப்பத்தைக் குறைப்பதே உயிரைக் காக்கிறது. நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நம் பகுதியில் மாரத்தான் ஓட எந்த மாதம் நல்லது?

டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி நடு வரை. அதற்கு முன் புயல் மழை. அதற்குப் பின் வெயில்.

இத்தனையையும் கணக்கிட்டு இலக்கு நேரத்தை எப்படி வகுப்பது?

குளிர்ந்த நாளில், சமதரையில் நீங்கள் ஓடக்கூடிய நேரத்திலிருந்து தொடங்குங்கள். பாதையை 5 கி.மீ. துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏறும் மீட்டரையும் இறங்கும் மீட்டரையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் கழித்து வரும் நிகர உயரம் உதவாது, ஏனெனில் 200 மீட்டர் ஏறி 200 மீட்டர் இறங்கும் பாதையும் தட்டையான பாதையும் அந்தக் கணக்கில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு விழுக்காட்டு ஏற்றத்துக்கும் நேரத்தில் 6 விழுக்காடு கூட்டுங்கள். ஒவ்வொரு விழுக்காட்டு இறக்கத்துக்கும் 2 விழுக்காட்டுக்கு மேல் கழிக்காதீர்கள். பிறகு, ஒவ்வொரு துண்டையும் எத்தனை மணிக்குக் கடப்பீர்கள் என்று குறித்து, அந்த மணிக்குரிய வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் பக்கத்தில் எழுதுங்கள். தொடக்க நேர வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்களே பின்பாதியில் நிலைகுலைகிறார்கள்.

முந்தைய நாள் மாலையில் இந்தத் தாளை மீண்டும் ஒருமுறை திருத்துங்கள். பனிப்புள்ளி எதிர்பார்த்ததைவிட மூன்று, நான்கு டிகிரி கூடியிருந்தால், பல மாதம் உழைத்த இலக்காக இருந்தாலும் முதல் கிலோமீட்டரிலிருந்தே 10, 15 விநாடி மெதுவாகத் தொடங்குங்கள். 25 கி.மீ. கடந்தபின் மூச்சு எளிதாக இருந்தால் அப்போது கூட்டிக்கொள்ளலாம்.